எதிர்வரிசை

வாக்கெடுப்பு மணி மாநிலச் சட்டமன்றக் கட்டடம் முழுக்க அடித்துக்கொண்டிருக்கிறது. மேசைமேல் கவிழ்த்து வைத்த மணல் கடிகாரத்தில் பாதி மணல் இறங்கிவிட்டது. உயரத்துச் சன்னலின் பிற்பகல் வெயில் பச்சைத் தோல் இருக்கைகளில் சாய்ந்து விழ, ஆளுங்கட்சி வரிசையில் பதினேழு வருடமாக உட்கார்ந்த இடத்திலிருந்து லியோனி எழுந்து நிற்கிறாள். அவளுடைய தொகுதியான குரிங்கல் ஊரின் பிரசவ வார்டை மூடப்போகும் மசோதா இது. மணல் தீர்வதற்குள் ஆதரிப்பவர்கள் இந்த வரிசையிலும் எதிர்ப்பவர்கள் எதிர்வரிசையிலும் உட்கார்ந்தாக வேண்டும்; தலைகளை எண்ணுவதுதான் வாக்கு. கட்சிக் கொறடா டெஸ் அவள் காதருகே குனிகிறான். "உக்காரும்மா. அந்தப் பக்கம் போனா அடுத்த தேர்தல்ல உனக்கு சீட்டு கிடையாது."

"தெரியும் டெஸ். பக்கத்து ஊர் வார்டை மூடினப்புறம் ரெண்டு பொண்ணுங்க ரோட்டோரம் காருக்குள்ளயே பெத்திருக்காங்க. அது உனக்குத் தெரியுமா?"

நடுவே இருப்பது பத்தடிக் கம்பளம்தான். அவள் அதைக் கடக்கிறாள். எதிர்க்கட்சி உறுப்பினர் நரீடா தன் காகிதங்களை அள்ளிக்கொண்டு இடம்விட்டு நகர்கிறாள். "உக்காருங்க. இந்தப் பக்கம் ஸ்பிரிங் கொஞ்சம் குத்தும், பழகிடும்." லியோனி உட்காருகிறாள். மணி நிற்கிறது, கதவுகளைப் பூட்டுகிறார்கள். மடியைத் தடவிப் பார்க்கிறாள். மூக்குக்கண்ணாடியைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டாள். எண்ணி முடிக்கும்வரை யாரும் எழக்கூடாது. டெஸ் விரல் நீட்டித் தன் ஆட்களை எண்ணிக்கொண்டு வருகிறான். கண்ணாடி மட்டும் கிடக்கும் இருக்கைக்கு நேரே அவன் உதடு வழக்கம்போல் ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறது. விரல் அப்படியே நிற்கிறது. பிறகு, அதே எண்ணை அடுத்த ஆளுக்குக் கொடுக்கிறான்.