கேக்கில் ஒரு பகா எண்

துறைத்தலைவர் அறை மேசையில் கேக் வியர்த்துக்கொண்டிருக்கிறது. குழல்விளக்கின் கீழே அதன் பச்சைக் கிரீம் எழுத்துகள் பாசி மாதிரி பளபளக்கின்றன. நான்கு வரிகளில் நாற்பத்தொரு இலக்கங்கள். யாராலும் உடைக்க முடியாமல் கிடந்த ஒரு பெரிய எண்ணோடு நான்கு வருடம் மல்லுக்கட்டி துறையின் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி கண்டெடுத்த காரணி அது. தன்னையும் ஒன்றையும் தவிர வேறெந்த எண்ணுக்கும் வளைந்து கொடுக்காத பகா எண். சுவரில் ஒட்டிய வாழ்த்துத் தாளில் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அவள் அதிலிருந்து முகத்தைத் திருப்பிக் கேக்கைப் பார்க்கிறாள். பழக்கதோஷத்தில் கண்கள் இலக்கங்களின் மேல் ஓடி, கடைசியில் போய் நிற்கின்றன. மூன்று இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து.

"சார், கடைசியில அஞ்சு போட்டிருக்காங்க. அப்படின்னா அஞ்சால வகுபடுமே!"

சுற்றிலும் ஒன்பது கணிதப் பேராசிரியர்கள் நிற்கிறார்கள். ஒருவர் காகிதத் தட்டைத் தேடுகிறார். இன்னொருவர் ஓர் எட்டை விரலால் வழித்து நக்குகிறார்.

"வயித்துக்குள்ள போறதுக்கு அஞ்சு என்ன, மூணு என்னம்மா?" என்று தலைவர் சொல்ல, அறையே சிரிக்கிறது. மீசையில் கிரீமோடு அவர் அந்த ஐந்தைப் பிய்த்தெடுத்து, "போட்டோ எடுப்பா" என்றபடி அவள் வாயருகே நீட்டுகிறார். நகக்கண்களில் பச்சை அப்பியிருக்கிறது. கெட்டுப்போன வெண்ணெயின் சிக்கு வாடை குப்பென்று மூக்கில் ஏறுகிறது. அவளுடைய ஆய்வேட்டில் அவர் கையெழுத்து இன்னும் விழவில்லை.

அவள் வாயைத் திறக்கிறாள்.