8.40 நிறுத்தம்

காலை 8.40. பஸ்ஸில் நாற்பத்தொரு பேர். ஓட்டுபவர் விசில்.

சொந்தப் பெயர் அதுவல்ல. ஸ்டியரிங்கைப் பிடித்தால் உதடு தானாக விசிலடிக்கும் என்று டெப்போவில் வைத்த பெயர். மனைவி போனதிலிருந்து இரண்டு வருடமாக விசில் இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

மருந்துக்கடை நிறுத்தத்தில் ஏற வேண்டியவர்கள் ஏறியாயிற்று. பஸ் கிளம்பவில்லை.

"யாருங்க வரணும், மந்திரியா?" என்றது பின்சீட்டு.

விசில் பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். 8.41க்குக் கதவை மூடினார். முன்பக்கமிருந்து வந்து படியில் கால் வைத்த பெண்மணியைக் கவனிக்கவில்லை. கதவு இடித்து அவர் விழுந்தார். முழங்காலில் சிராய்ப்பு.

பிற்பகல் டைம்கீப்பர் கூப்பிட்டனுப்பினார். எந்த பஸ்ஸை யார் ஓட்டுவது என்று முடிவு செய்பவர். டெப்போவில் அவருக்கு 'வினாடி முள்' என்று பெயர். இரண்டு கையிலும் வாட்ச் கட்டுகிற மனிதர். ஒன்று நமக்கு, இன்னொன்று நம் நிழலுக்கு என்று டிரைவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

"ரெண்டு வருஷமா அந்த ஸ்டாப்புல தினமும் ஒரு நிமிஷம் லேட். எழுதாம விட்டது என் தப்பு. இன்னைக்கு முழங்கால். நாளைக்கு?"

"அந்த ரூட்டை மட்டும் எடுத்துடாதீங்க சார்."

"எடுத்தாச்சு."

காகிதத்தை நகர்த்தினார். இனி பஸ் கழுவும் இடத்தில் வேலை. புதன்தோறும் மாலை நான்கு மணிக்கு மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டும். அவர் எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி ஸ்டியரிங்.

"எனக்கென்ன பைத்தியமா சார்?"

"நாலுன்னா நாலு. லேட் ஆகக்கூடாது."

மனுஷனா அவன் என்று டெப்போவே கொதித்தது. மகள்தான், "திட்டிக்கிட்டே போய்ட்டு வாங்கப்பா" என்றாள்.

ஆலோசகரின் வரவேற்பறைப் பெண், மற்றவர்கள் மூன்று மாதம் காத்திருக்கிறார்கள், உங்கள் நல்ல நேரம், புதன் நான்கு மணி இப்போதுதான் காலியானது என்றாள்.

மூன்று வாரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். நான்காவது வாரம் வாய் திறந்தது.

மனைவியின் கடைசி நாள் காலை, அந்த மருந்துக்கடை நிறுத்தத்துக்கு அவள் ஓடி வந்தாள். கண்ணாடியில் தெரிந்தது. தாமதமானால் வினாடி முள் குத்துமே என்று பஸ்ஸை எடுத்துவிட்டார்.

"அடுத்த பஸ்ல வரட்டும்னு நெனச்சேன்மா," என்றார் ஆலோசகரிடம்.

அடுத்த பஸ்ஸில்தான் போனாள். மதியம் வேலை பார்த்த இடத்திலேயே மாரடைப்பு.

ஆலோசகர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டார். "கண்ணாடியில அவங்க முகம் எப்படி இருந்துது?"

விசில் யோசித்தார். இரண்டு வருடத்தில் அதை அவர் யோசித்ததே இல்லை.

"திட்டிக்கிட்டே வந்தா. ஆனா... சிரிச்சுக்கிட்டேதான் திட்டினா."

அன்றுதான் முதன்முதலாக அழுதார்.

ஐந்து மாதம் போனது. இனி மாதம் ஒருமுறை வந்தால் போதும், பஸ்ஸும் ஓட்டலாம் என்று ஆலோசகர் எழுதிக் கொடுத்தார். அடுத்த புதன் மாலை, அவருக்கு நன்றி சொல்ல விசில் ஒரு பூங்கொத்தோடு போனார்.

வெளி நாற்காலியில் வினாடி முள் உட்கார்ந்திருந்தார்.

"சார், நீங்க எங்க இங்க?"

"புதன் நாலு மணி என்னோடது. அஞ்சு மாசம் உங்ககிட்ட இருந்துது."

 விசில் அவருடைய வலது கையைப் பார்த்தார். சின்ன வாட்ச். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கட்டுவது. ஓடவில்லை.

"பையனோடது. அவன் போய் ஏழு வருஷமாச்சு," என்றார் வினாடி முள்.

"அப்புறம் ஏன் சார் எனக்கு விட்டுக் கொடுத்தீங்க?"

"நான் தப்பு பண்ணா பேப்பரைக் கிழிச்சுட்டு வேற எழுதிக்கலாம். உங்க முதுகுக்குப் பின்னாடி நாப்பத்தொரு பேர்."

ஆலோசகருக்கென்று வாங்கிய பூங்கொத்து கை மாறியது. வினாடி முள் இடது கை வாட்சைப் பார்த்தார்.

"நாலாச்சு," என்று எழுந்து உள்ளே போனார்.

செப்டம்பர் 3, திங்கட்கிழமை. மருந்துக்கடை நிறுத்தத்தில் ஒன்பது பேர் ஏறினார்கள். பஸ் 8.40க்குக் கிளம்பியது. டிரைவர் விசிலடித்துக்கொண்டே ஓட்டுகிறார் என்று மாலையில் ஒரு புகார் வந்தது. வினாடி முள் அதை எழுதிக்கொள்ளவில்லை.