பல்லி சொன்ன விலை

கடலோரப் புறநகரில் பழைய வீடொன்றின் பூசையறைச் சுவர் விரிசலில் பல்லி இரு முட்டைகளை இட்டிருந்தது. வீட்டை விற்க முனைந்த வேதாசலம், விலை பேசும்போது பல்லி ஒலித்தால் அதைத் தெய்வ வாக்கென்று கொள்வார்.

“என் வாக்கால் இந்த வீட்டின் மதிப்பே ஏறுகிறது” என்று பல்லி பூரித்தது.

வாசற்கதவு சிரித்தது. “அடியே, விலை உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை; கீழே கிடக்கும் மண்ணுக்குத்தான். வாங்குபவர் நம்மை இடித்துவிட்டு ஆறு மாடி எழுப்பப் போகிறாராம்.”

பல்லி தன் முட்டைகளைத் திரும்பிப் பார்த்தது. முட்டை பொரிய இன்னும் பல நாள் இருந்தது. ‘பெருமானே, அடியாளின் வாயைக் கட்டியருள்வாய்’ என்று திருவிளக்கின் பின்னே ஒடுங்கியது.

மறுநாள் வந்தவர் இரண்டு கோடி என்றார். வேதாசலம் பூசையறைப் பக்கம் செவி சாய்த்துக் காத்திருந்தார். பல்லி மூச்சையும் அடக்கிக்கொண்டது.

“உத்தரவு வரலையே. அப்புறம் பார்க்கலாம்” என்று அவர் எழுந்தார்.

“சுவரெல்லாம் விரிசல். இதுக்கு மேல யார் சார் தருவா?” என்று வந்தவர் பூசையறைச் சுவர் விரிசலின் மேல் ஓங்கித் தட்டினார்.

முட்டைகள் உருண்டன. பல்லி தன்னை மறந்து கத்திவிட்டது.

வேதாசலம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “சொல்லிடுச்சு. முடிச்சுக்கலாம்.”