இடது முன்சக்கரம்

"என்னப்பா ஆண்டியப்பா, ரோட்டுல பள்ளம் எங்க இருக்குன்னு தேடிப்போயி வண்டியை விடுவியோ?"

ஜாக்கி போட்டுத் தூக்கியிருந்த காரின் இடது முன்சக்கரத்தை, ஒர்க்‌ஷாப் நாகராசு மேலும் கீழுமாகப் பிடித்து உலுக்கினார். 'டொக், டொக்' என்று ஆடியது.

"பாருங்கம்மா, பால் பல்லு ஆடுற மாதிரி ஆடுது."

அடைக்கலமேரி குனிந்து பார்த்தாள். கண் டாக்டர் சவரிநாதனின் மனைவி. கிரீஸ் நாற்றமடிக்கும் இந்த இடத்துக்கு இதற்கு முன் அவள் வந்ததில்லை. "நீங்க ஒரு எட்டுப் போயிட்டு வாங்களேன்" என்று காலையில் கணவரிடம் கேட்டாள். "ஆப்பரேசன் இருக்கு, நீயே பாத்துக்க" என்றார் அவர், பேப்பரிலிருந்து நிமிராமலே. அவள் அருகில் வைத்த காபி டம்ளரையும் கை பட்டுக் கவிழ்த்துவிட்டார்.

கொஞ்ச நாளாகவே அப்படித்தான். பக்கத்தில் போய் நின்றாலும் திரும்புவதில்லை. ஈஸ்டருக்குப் புதுப்புடவை கட்டிக்கொண்டு நின்றாள், பார்க்கவில்லை. இத்தனை வருஷத் தாம்பத்தியம் எந்த இடத்தில் தேயத் தொடங்கியது என்று யோசித்து யோசித்து, யாரிடமும் சொல்ல முடியாமல் மனசுக்குள்ளேயே அவள் புழுங்கிக்கொண்டிருந்தாள்.

"பேரிங் போயிருக்குமோண்ணே?" என்றான் டிரைவர் ஆண்டியப்பன்.

"ஏறிப் பிரேக்கை மிதி."

மிதித்தான். நாகராசு மறுபடி உலுக்கினார். மறுபடி 'டொக்'.

"பிரேக் பிடிச்சும் ஆடுதுல்ல? அப்ப பேரிங் இல்ல. சக்கரத்தைத் தாங்குற கிங் பின்னும் புஷ்ஷும் தேஞ்சு போச்சு. இப்படியே ஓட்டுனா ஒருநா சக்கரம் ஒரு பக்கம் போகும், நீ ஒரு பக்கம் போவே."

"மாத்திருங்க" என்றாள் அடைக்கலமேரி.

"மாத்துறேம்மா. ஆனா தை மாசந்தானே ரெண்டு பக்கமும் புதுசு போட்டேன்? வலது பக்கம் போட்ட மாதிரியே இருக்கு. எடது பக்கம் மட்டும் திரும்பப் போச்சு. மட்கார்டைப் பாருங்க, அந்தப் பக்கம் பூரா உரசல். ராசா காலத்து ரோடு, ஓரமெல்லாம் பேந்து கெடக்கு. பாத்து ஓட்டணும்ல? சாமான் மேல குத்தமில்லம்மா. ஓட்டுற ஆளு சரியில்ல."

ஆண்டியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். அது அவள் கோபத்தைக் கிளறியது.

"கேக்குறப்பெல்லாம் பள்ளத்துல விடலம்மான்னு சத்தியம் பண்ணுனியே?"

"நான் விடலம்மா."

"பின்ன, வண்டி தானாப் போயி விழுந்துச்சா? ஒங்க ஆத்தாவுக்கு இன்னிக்கு ஐயா காசு வாங்காமக் கண் ஆப்பரேசன் பண்றாங்க. நீ அவங்க வண்டியை ஒடைக்கிறே. நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

"அம்மா! பிள்ளைகுட்டிக்காரன்மா..."

"எரக்கப்படாதீங்கம்மா" என்றார் நாகராசு. "எடது கண்ணு அவிஞ்சவன் ஓட்டுன வண்டி கணக்கால்ல இருக்கு!" சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அடைக்கலமேரி சிரிக்கவில்லை. கண் டாக்டர் வீட்டில் வாழ்கிறவள். ஒருவேளை நோயாக இருந்தால்? நோய்க்காக ஒருவன் வயிற்றில் அடிப்பது பாவமில்லையா?

"ஆண்டியப்பா, வலது கண்ணைக் கையால மூடு. எதுத்தாப்ல நிக்கிற பஸ்ஸுல என்ன எழுதியிருக்கு?"

"ஆவுடையார்கோவில். கீழ, வழி அறந்தாங்கி. உள்ள கண்டக்டர் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுறாரும்மா."

"அட, கழுகுக் கண்ணுடா ஒனக்கு!" என்றார் நாகராசு.

"அப்ப வேணும்னேதான் செய்யிறியா?" அவள் குரல் உயர்ந்தது.

ஆண்டியப்பன் சட்டென்று நிமிர்ந்தான். "வேலையே போகுது, இனிமே மறைச்சு என்னம்மா? ஐயா கூட வந்தா நான் வண்டியே ஓட்டுறதில்ல. நம்ம தெரு முக்கு திரும்புனதும், என்னைய அங்கிட்டு ஒக்காரச் சொல்லிட்டு ஐயாதான் ஓட்டுவாங்க. குடுமியான்மலைக்கு வைத்தியம் பாக்கப் போனாலும் அவங்கதான். 'அம்மா பயப்படுவா, சொல்லாதே'ன்னாங்க."

"ஐயாவா?"

"ஆமாம்மா. 'எடப்பக்கம் பள்ளம்யா'ன்னு கத்துவேன். தடால்னு விழுந்தப்புறம்தான் 'எங்கப்பா?'ன்னு கேப்பாங்க."

அடைக்கலமேரி ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். காலையில் டம்ளரை அவள் வைத்தது அவருடைய இடது கைப்பக்கம். சாப்பாட்டு மேசையில் அவள் நிற்பது அவருக்கு இடப்பக்கம். புதுப்புடவையோடு போய் நின்றதும் அந்தப் பக்கம்தான்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவள் நின்றது அவருக்குத் தெரியவே இல்லை.

கடவுளே, என்னை வெறுக்கவில்லை! வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷம் நெஞ்சில் எழுந்தது. ஒரு மூச்சு விடும் நேரம்தான் அது இருந்தது.

"தப்பா நெனைக்காதீங்கம்மா" என்றான் ஆண்டியப்பன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வேலை போனாப் போகட்டும். ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஒரு ஓட்டம் போயிட்டு வந்துரட்டுமா? இந்நேரம் ஆத்தாவை மேசையில படுக்க வச்சிருப்பாங்க. பயந்துக்கிட்டுக் கெடந்துச்சு. ஐயா கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாப்பாரு, நீ பயப்படாதேன்னு நான்தான் தைரியம் சொல்லிட்டு வந்தேன்."

அடைக்கலமேரி செருப்பை உதறிவிட்டு ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தாள்.

"ஓடியா ஆண்டியப்பா! போயி ஐயா கையிலேருந்து கத்தியை வாங்கு!"