தானா ஒழுகுற டேங்க்

"ஏண்டி, ஃப்ளஷ்ஷை மெதுவா அமுக்குனா உன் கை தேஞ்சா போயிரும்? திரும்பவும் ஒழுகுது பாரு!"

பாத்ரூம் வாசல்ல நின்னு உத்திராபதி போட்ட சத்தம் பக்கத்து வூடு வரைக்கும் கேட்டிருக்கும்.

"நான் என்னங்க பண்ணேன்? போன வாரந்தான் ப்ளம்பர் தம்பி வந்து எல்லாத்தையும் புதுசா மாத்திட்டுப் போச்சு"ன்னா அவரு பொண்டாட்டி லீலாவதி.

"அப்புறம் எப்படி ஒழுகும்? வூட்ல இருக்குறது நாம ரெண்டு பேரு. பேயா வந்து கழட்டுது?"

"அந்தத் தம்பியையே திரும்ப வரச் சொல்றேன்."

"இப்ப என்ன அதுக்கு அவசரம்?" பொசுக்குன்னு குரல் இறங்கிருச்சு. "மோட்டாரைப் போட்டு விடு. மாடித் தொட்டியில தண்ணி தீந்துரப் போவுது."

சொல்லிட்டு வெங்காயக் காட்டுக்கு வண்டியை எடுத்தாரு.

லீலாவதிக்கு ஒண்ணுமே பிடிபடல. ஆளில்லாத ரூம்ல ஃபேன் ஓடுனாலே வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற மனுஷன். தண்ணி வீணாப் போவுது, மோட்டாரைப் போடுங்கறாரு!

பக்கத்து வூட்டுக்கு ஒரு குடம் தண்ணி கேட்டப்ப இந்தத் தாராளம் எங்க போச்சாம்?

பக்கத்து வூடுன்னா வேற யாரும் இல்ல, சொந்தக் கொழுந்தன் வூடுதான். மதில் சுவர் தகராறுல பேச்சுவார்த்தை அத்துப் போச்சு. இப்ப அவங்க போர் வத்திக் கெடக்கு. அவங்க மக அனிதா தலைப்பிரசவத்துக்கு வந்து, பச்சக் குழந்தையோட இருக்குறா.

"குழந்தைத் துணி அலசவாச்சும் குடுப்போம்ங்க"ன்னு லீலாவதி கெஞ்சித்தான் பார்த்தா.

"சிறுவாச்சூர் ஆத்தா முன்னாடி சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணிருக்கேன். என் கையால அந்த வூட்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணி குடுக்க மாட்டேன். நீயும் குடுக்கக் கூடாது!"

ஆத்தா பேரு வந்ததும் அவ வாயை மூடிக்கிட்டா. கல்நெஞ்சுக்காரன்னு மனசுக்குள்ள மட்டும் திட்டிக்கிட்டா.

இப்ப அவரு காட்டுக்குக் கெளம்புனதும் ப்ளம்பருக்குப் போனைப் போட்டா. அஜித்குமார் வந்தான். ஃப்ளஷ் டேங்க் மூடியைத் தூக்கிப் பார்த்துட்டுத் தலையைச் சொறிஞ்சான்.

"என்ன தம்பி, மட்டமான சாமானா போட்டுட்டியா?"

"சாமான் நல்லாத்தான்க்கா இருக்கு. தண்ணியில மிதக்குற இந்தப் பந்து இருக்குல்ல, இதோட கம்பி வளைஞ்சிருக்கு. அதான் டேங்க் நிறைஞ்சும் தண்ணி நிக்கல. மேல இருக்குற ட்யூப் வழியா வெளிய ஊத்துது."

"கம்பி எப்படி வளையும்?"

"தானா வளையாதுக்கா."

"பின்ன?"

அவன் டேங்க் மூடியை ஓரமா வெச்சான். "இதைக் கண்டிப்பா சரி பண்ணணுமாக்கா?"ன்னான்.

"இது என்ன கேள்வி? அதுக்குத்தானே கூப்பிட்டேன்!"

இவனும் ஒரு மாதிரி பேசுறானேன்னு லீலாவதிக்கு இன்னும் குழம்பிருச்சு. ட்யூப் எங்கதான் போவுதுன்னு பார்க்கப் பின்கதவைத் திறந்தா. சண்டைக்கு அப்புறம், ரெண்டு வூட்டுக்கும் நடுவுல இருக்குற அந்தச் சந்துப் பக்கம் அவ எட்டிக்கூடப் பார்த்ததில்ல.

ட்யூப்புக்கு நேர் கீழ ஒரு நீல டிரம். நல்ல தண்ணி, நிறைஞ்சு தளும்புது. பக்கத்துல குத்த வெச்சு, குழந்தைத் துணியை அலசிக்கிட்டு இருந்தா கொழுந்தன் பொண்டாட்டி ஜோதி.

லீலாவதியைப் பார்த்ததும் ஜோதி பதறி எழுந்தா. "அக்கா... சும்மா தரையில போற தண்ணிதானேன்னு பிடிச்சேன். மாமாகிட்ட சொல்லிராதீங்க."

கொடியில துணி வரிசையாக் காயுது. உள்ள குழந்தை சிணுங்குற சத்தம். லீலாவதி சரின்னு தலையை ஆட்டிட்டு உள்ள வந்தா.

அஜித்குமார் கம்பியில கை வெச்சிருந்தான்.

"தம்பி, தொடாத! உனக்குப் புண்ணியமாப் போவும், அது அப்படியே இருக்கட்டும். அவரு கேட்டா சரி பண்ணிட்டேன்னு சொல்லிரு. ஜோதி தண்ணி பிடிக்கிறது தெரிஞ்சா ஊரையே கூட்டிருவாரு."

அஜித்குமாருக்குச் சிரிப்பு வந்துருச்சு.

"யாரு, அண்ணனா? போன வாரம் கடைக்கு வந்து, 'எந்தக் கம்பியை வளைச்சா வெளிய ஊத்தும்'னு கேட்டதே அவருதான்க்கா. சத்தியம் என்னாச்சுண்ணேன்னு கேட்டேன். 'என் கையால குடுக்க மாட்டேன்னுதானேப்பா சொன்னேன்? டேங்க் ஒழுகுனா, அதுக்கு ஆத்தா என்னையவா கோச்சுக்கப் போறா?'ன்னாரு!"