மிதுக்கங்காய் டப்பா

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு குடுங்கண்ணே. வாய் என்னமோ அதையே கேக்குது."

நந்தினி கையை நீட்டினாள். சின்னதுரை டப்பாவைத் தன் பக்கம் இழுத்து மூடிவிட்டார்.

"இது வேணாம்மா. உருளைக்கிழங்கு இருக்கு பாரு, எடுத்துக்க."

அரியலூர் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை. தீபாவளி வியாபாரம் முடிந்து கூட்டம் ஓய்ந்திருந்தது. மாடியில் துணி மூட்டைகளுக்கு நடுவே மூன்று பேரும் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். நந்தினி சுடிதார் பிரிவு, மாசமாக இருந்தாள். ஜெயசித்ரா சேலைப் பிரிவு. சின்னதுரை வேட்டி, சட்டை. கடையிலேயே மூத்தவர் அவர்தான்.

டப்பாவுக்குள் இருந்தது மிதுக்கங்காய். பருத்திக் கொல்லையிலும் சோளக் கொல்லையிலும் மழைக்குத் தானாகப் படரும் கொடியில் காய்ப்பது. வெள்ளரிக்காயைப் பெருவிரல் நுனி அளவுக்குச் சுருக்கிவிட்ட மாதிரி இருக்கும். கீறி, உப்பும் பச்சை மிளகாயும் சேர்த்துப் புளித்த தயிரில் ஊறப்போட்டு, கடுகு தாளித்துக் கொட்டினால் போதும். அன்றைக்குச் சோறு கூடுதலாக இறங்கும்.

ஜெயசித்ராவுக்குப் பொறுக்கவில்லை.

"புள்ளத்தாச்சிப் பொண்ணு வாய்விட்டுக் கேக்குது. நீங்க பாட்டுக்கு மூடி வைக்கிறீங்களே."

"அதுக்கு ஒத்துக்காதும்மா."

"எங்க ஊரு மீன்சுருட்டியில மாசமா இருக்கிறவளுக்குத் தேடிப்போயிப் பறிச்சாந்து குடுப்பாங்க. ஒத்துக்காதாம்."

சின்னதுரை தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். குழம்பு, பொரியல் எதுவானாலும் எடுத்து நடுவில் வைக்கிற மனுஷன்தான். இந்த டப்பாவை மட்டும் ஒரு வாரமாக யாரையும் தொட விடுவதில்லை. தினமும் திரும்பி உட்கார்ந்து, தானே தின்று முடித்துவிடுவார்.

கீழே இருந்து குரல் வந்தது. "சின்னதுரையண்ணே, கல்யாண வேட்டி கேக்குறாங்க. வந்து எடுத்துக் காட்டுங்க."

கையைக் கழுவிக்கொண்டு இறங்கிப் போனார். போகும்போது மூடியை இன்னொரு தடவை அழுத்திவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஜெயசித்ரா டப்பாவைத் திறந்தாள்.

"வேணாங்க்கா. வந்து பாத்தா என்ன நெனப்பாரு?"

"நெனச்சுக்கட்டும். இதுல என்ன தங்கமா இருக்கு? நீ எடு."

நந்தினியின் கையில் ஒன்றை வைத்தாள். தானும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள்.

கடித்த வாய் கடித்தபடி நின்றது. வேப்பங்கொழுந்தை அரைத்து நாக்கில் அப்பியது மாதிரி அப்படி ஒரு கசப்பு.

நந்தினி வாய்க்குக் கொண்டுபோனதை ஜெயசித்ரா தட்டிவிட்டாள். "தின்னுடாத. கசக்குது."

மிதுக்கங்காயில் கசப்புக் காயும் கலந்து கிடக்கும். அதனால்தான் ஒவ்வொரு காயாக நுனியைக் கடித்துப் பார்த்துவிட்டு ஊறப்போடுவார்கள். ஒன்று தவறி விழுந்திருக்கும் என்று ஜெயசித்ரா இன்னொன்றை எடுத்தாள். அதுவும் கசந்தது. அவள் காகிதத்தில் துப்பிக்கொண்டிருக்கும்போதே சின்னதுரை படியேறி வந்துவிட்டார்.

திறந்து கிடந்த டப்பாவைப் பார்த்தார். மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"தொறந்தது நான்தாண்ணே. அவளச் சொல்லாதீங்க. ஆனா இதையா தினம் திங்கிறீங்க?"

"சுகருக்கு நல்லதுன்னு நெனச்சுக்குவேன்."

"வெளையாடாதீங்கண்ணே. வூட்டுல அக்கா கடிச்சுப் பாக்காமயா போடுறாங்க?"

"கடிச்சுப் பாத்துத்தான் போடுறா. போன வருஷம் காய்ச்சல்ல படுத்தாள்ல, அதுலேருந்து பஞ்சவர்ணத்துக்கு நாக்குல ருசி தெரியல. தானா வந்துரும்னு டாக்டர் சொல்றாரு. இன்னும் வரல. கொழம்புக்கு உப்பு, ஒறப்பு கையளவு தெரியும், சமாளிச்சுடுறா. இதுல கையளவு என்ன பண்ணும்? அவளுக்கு எல்லாமே நல்ல காயாத்தான் தெரியுது."

"நீங்க கடிச்சுப் பாத்துக் குடுக்கலாம்லண்ணே?" என்றாள் நந்தினி.

"ஒரு தடவ சொன்னேம்மா. அப்ப நான் எதுக்கு இந்த வூட்டுலன்னு கேட்டுட்டு, அன்னிக்கிப் பூரா அடுப்புப் பக்கமே வரல. அதுலேருந்து வாயத் தொறக்குறதில்ல."

அவருடைய போன் அடித்தது. திரையைப் பார்த்துவிட்டு வெளியே எழுந்து போகப் பார்த்தார். மூட்டைகளுக்கு நடுவே சட்டென்று எழுந்திருக்க முடியவில்லை. அப்படியே காதில் வைத்தார். பஞ்சவர்ணத்தின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"என்னங்க, இன்னிக்காவது அந்தப் பொண்ணு நந்தினி வயிறாரத் தின்னுச்சா? அதுக்குன்னுதானே செந்துறை வரைக்கும் பஸ் ஏறிப்போயி, கொல்லை கொல்லையாத் தேடிப் பறிச்சாந்தேன். நீங்க குடுக்குறீங்களா, இல்ல நீங்களே தின்னுடுறீங்களா?"

சின்னதுரை நந்தினியைப் பார்த்தார். "குடுத்தேன்..." என்று ஆரம்பித்தார்.

நந்தினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

ஜெயசித்ரா நாக்கில் இன்னும் கசப்பு போகவில்லை. எட்டி அவர் கையிலிருந்த போனை வாங்கினாள்.

"அக்கா, நான் ஜெயசித்ரா பேசுறேன். நந்தினிக்குன்னு நீங்க குடுத்தத நான்தான் எடுத்துத் தின்னுட்டேன். இந்தக் காய்க்காக இன்னிக்கி கடையில சண்டையே வந்துருச்சு."