இடது பக்கம்

"மூச்சை இழுத்துப் பிடிங்க," என்றாள் ஜெரோனோ, சொந்த அண்ணனை முன்பின் தெரியாதவன் போல.

கிமையோ இழுத்துப் பிடித்தான். அவன் சிரிப்பை அடக்குவது வயிற்றிலேயே தெரிந்தது.

ஸ்கேன் படிப்பின் கடைசி செய்முறைத் தேர்வு. படுக்க வைத்துப் பார்க்க ஆளை மாணவர்களே கூட்டிவர வேண்டும். ஜெரோனோ சொல்லிவைத்திருந்த அறைத்தோழி வெறும் வயிற்றோடு வர வேண்டியவள். மறந்துபோய், சப்பாத்தியும் பால் தேநீருமாக ஒரு கட்டு கட்டிவிட்டு வந்து நின்றாள். அந்த வயிற்றில் காற்றைத் தவிர எதைப் பார்ப்பது?

தங்கைக்குப் புளித்த பால் கொண்டுவந்து வாசலில் நின்ற கிமையோ அப்படித்தான் மாட்டினான். முதல் பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தவனின் பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் பட்டிருக்கவில்லை.

"நான் வேணாம், வேற யாரையாவது பாரு," என்று நழுவப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள்.

இதில் தோற்றால் மூன்றாம் வருஷத்தை மறுபடி படிக்க வேண்டும். மறுபடி கட்டணம் கட்ட வேண்டும். இந்த வருஷத்துக்கே, மக்காச்சோளம் நல்ல விலைக்குப் போனது என்று சொல்லி, கிமையோதான் மொத்தத்தையும் ஒரே தடவையில் கட்டியிருந்தான்.

திரையில் ஈரல் வந்தது. பித்தப்பை வந்தது. வலது சிறுநீரகம் கொழுகொழுவென்று வந்தது, கொஞ்சம் பெரிதாகவே. தலைநகரிலிருந்து வந்திருந்த பரீட்சகர் திருமதி ஒசானோ அவள் தோளுக்குப் பின்னால் நின்று தலையாட்டினார்.

"சரி, இடது பக்கம்."

அவன் ஒருக்களித்துப் படுத்தான். சட்டையை மேலே தூக்கப் போனாள். அவன் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"கூச்சமா இருக்கு, டாக்டரம்மா."

வேறு நேரமாக இருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பாள். அரை இருட்டில் சட்டைக்கு அடியிலேயே கருவியை நுழைத்தாள்.

மண்ணீரல் தெரிந்தது. அதற்குக் கீழே சிறுநீரகம் இருக்க வேண்டிய இடத்தில் குடல் நெளிந்தது. கருவியைச் சாய்த்தாள், இறக்கினாள், மறுபடி மூச்சை இழுக்கச் சொன்னாள். குடல்தான்.

"முதல் வருஷப் பிள்ளை மாதிரித் தேடுறியே! கை முட்டி மெத்தையைத் தொடணும். இன்னும் பின்னால போ," என்றார் ஒசானோ.

போனாள். கருவி எதன்மீதோ ஏறி இறங்கியது.

விரலால் தடவிப் பார்த்தாள். விலாவுக்குக் கீழே, தோலில், சாய்வாக, கயிறு போல ஒரு தடிப்பு. நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது.

கிமையோ கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவன் கை மட்டும் வந்து அவள் முழங்கையைப் பிடித்தது.

"கிடைக்கலைன்னா கிடைக்கலைன்னு சொல்லிடும்மா. வெளியே இன்னும் ஆள் நிக்குது," என்றார் ஒசானோ.

ஜெரோனோ கருவியை எடுத்தாள். சட்டையை இழுத்துவிட்டு ஜெல்லோடு சேர்த்து மூடினாள்.

"இல்லை, மேடம். இவருக்குப் பிறவியிலேயே ஒண்ணுதான்."

ஒசானோ வலது பக்கப் படத்தைத் திரையில் மறுபடி வரவழைத்து உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அதான் அது அவ்வளவு பெருசு! மத்தவங்களா இருந்தா பயந்துபோய்க் குடலைக் காட்டி இதுதான்னு சாதிச்சிருப்பாங்க. நீ நல்லா வருவே."

வெளியே நடையில் கிமையோ பால் குடுவையின் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டான்.

"பாஸா?"

அவள் தலையாட்டினாள்.

அவன் போட்ட கூச்சலில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "என் தங்கச்சி!" என்று காவலாளியிடம் போய்ச் சொன்னான். அவர் எதுவும் கேட்டிருக்கவே இல்லை. திரும்பி வந்து குடுவையை அவள் கையில் திணித்தான். அவளால் ஒரு வாய்கூட விழுங்க முடியவில்லை.

முதல் வருஷம், இதே அறையில், இதே அண்ணனைப் படுக்க வைத்துப் பழகியபோது, அவனுடைய இடது சிறுநீரகம் முதன்முதலாகத் திரையில் வந்து நின்றதும் அவளும் இப்படித்தான் கத்தியிருந்தாள்.